முந்நூறு வருஷத்து வீட்டுக்கு வந்த நோட்டீஸ்

ஓடைமேட்டுக் கிராமம்,
அடையாறு, சென்னை-20.
ஆவணி மாதம், 1974

சிரஞ்சீவி ஜவஹருக்கு, உன் தாய்மாமன் மாசிலாமணி, தலைக்கு மேல் ஓடு இருக்கும்போதே அவசரமாக எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஜானுவும் சுகம். வீடுதான் சுகமில்லை. அங்கே உன் பத்திரிகையும் உன் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். நிற்க. வீடும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஆனியில் நீ கேமராவும் கையுமாக வந்து, “மாமா, நகரத்துக்குள்ள இருக்கற கிராமங்களைப் பத்தி எழுதறேன், நம்ம ஓடைமேட்டுச் சரித்திரத்தைச் சொல்லுங்க” என்று கேட்டாய் அல்லவா? நான் மூன்றாவது ஃபாரத்தோடு படிப்பை நிறுத்தியவன்தான், ஆனாலும் சரித்திரப் பரீட்சையில் என் தாளைத் திருத்த வாத்தியாருக்கே தைரியம் வரவில்லை என்பது ஊரறிந்த விஷயம். உன் அத்தை மீன் குழம்பை இறக்குவதற்குள் வீட்டுக்கு இருநூறு வயது சொன்னேன், நீ இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு “அப்புறம் மாமா?” என்றாய், இன்னொரு நூறு சேர்த்தேன். காந்தி நகர் பங்களாக்கள் வருவதற்கு முன்னாலிருந்தே இங்கே ஒரே தெரு, தெருக்கோடியில் அம்மன் கோயில், பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி நிற்கிற நாட்டு ஓட்டு வீடுகள், அது வரைக்கும் நிஜம். அதற்குப் பிறகு என் வாசல் தூண் இரண்டும் விஜயநகரத்து ராஜா காலத்துக் கருங்கல், நவாப் வேட்டைக்குப் போகும்போது யானையைக் கட்டியது அதில்தான், உள்சுவரில் இருக்கிற மாடம் பீரங்கிக் குண்டு வைக்கிற மாடம் என்று நான் சொன்னதெல்லாம் பேச்சு வேகத்தில் வந்தது. அந்த மாடத்திலிருந்து என் ஷேவிங் பிரஷ்ஷை நீயே எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் படம் பிடித்தாய். ஒரு மனுஷன் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வதா? பாதித் தப்பு உன்மேல்தான் மாப்ளே.

பத்திரிகை வந்தது. தெருவில் எனக்கு வந்த மரியாதையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆடித் திருவிழாவில் கோயில் தர்மகர்த்தா, “ஊர்லயே பழைய வீடு உங்க வீடுதான்” என்று முதல் மாலையை எனக்குப் போட்டார். நான் அதைக் கொண்டுவந்து விஜயநகரத்துத் தூணுக்குப் போட்டேன். அந்த மாலை வாடுவதற்குள் உன் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கார்ப்பரேஷன் கட்டட ஆபீஸ் இன்ஜினீயர் ஒருவர் வந்து நின்றார். ஏதோ ஷீல்டு கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஜானுவைக் காபி போடச் சொன்னேன்.

“அய்யா, முந்நூறு வருஷம்னு போட்டிருக்கே, வாஸ்தவமா?” என்றார்.

“தம்பி கொஞ்சம் அடக்கித்தான் எழுதியிருக்கான் சார்” என்றேன்.

அவர் தூணைத் தட்டினார். டொப் டொப் என்றது. கருங்கல் அப்படிச் சொல்லக் கூடாது. இன்னொரு தட்டுத் தட்டினார், விரல் உள்ளே போய்விட்டது. “உள்ள ஒண்ணுமே இல்லீங்களே! முழுக்கக் கரையான் தின்னுடுச்சு. கூரையைத் தாங்கற தூணே இப்படின்னா சுவரெல்லாம் என்ன கதியோ” என்று அங்கேயே நோட்டீஸ் எழுதிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன் காலி செய்து வீட்டை இடித்துவிட வேண்டுமாம். சுவர் பொதுச்சுவர் ஆனதால் பக்கத்து வீட்டு மெஹபூப் பாஷாவுக்கும் ஒரு நோட்டீஸ்.

“சார், இது எங்க அப்பா முப்பத்தெட்டுல கட்டின வீடு சார்!” என்று கத்தினேன். அவர் சிரிக்கிறார். “இடிக்கப் போறாங்கன்னா எல்லாருமே வீட்டுக்கு வயசைக் குறைப்பாங்க. நீங்க சொன்னதுதானே அச்சுல வந்திருக்கு?” என்கிறார். தூணின் கதையையாவது சொல்லியிருப்பேன், ஆனால் அதற்குள் சத்தம் கேட்டுத் தர்மகர்த்தா வந்து பக்கத்தில் நின்றுவிட்டார், தூணில் அவர் போட்ட மாலை தொங்கியது.

அந்தக் கதை உனக்கு மட்டும் சொல்கிறேன். பாஷா கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு செட் போடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். அறுபத்தாறு புயலில் வாசல் பக்கம் மூளியாகிப்போனபோது, ஒரு ராஜா தர்பார் செட்டைக் கலைத்தார்கள் என்று இரண்டு தூணை ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். மூங்கில் சட்டம், அதன்மேல் கோணிச் சாக்கு, அதன்மேல் பிளாஸ்டர், அதன்மேல் கருங்கல் மாதிரி பெயின்ட். கூரையைத் தாங்குவது உள்பக்கத்து விட்டமும் சுவரும்தான். தூண் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

“இன்னா நைனா, உன் வாயால என் செவுரும் பூடும் போலகீதே” என்று பாஷா காலையும் மாலையும் வந்து நிற்கிறான். “நான் செஞ்ச தூணுன்னு நானே போய்ச் சொல்லிடுவேன். உன் மானம் பூடுமேன்னுதான் வாய மூடிக்கினு கீறேன்.” உள்ளேயிருந்து ஜானு, “அதுக்கு இன்னும் மானம் கீதுன்னு உனுக்கு யாரு சொன்னது? ஒரு தட்டு தட்டி ஒடச்சிக் காட்டினா முடிஞ்ச வேல. அத்த வுட்டுட்டு லெட்டர் எழுதிக்கினு கீது பாரு!” என்கிறாள். முப்பத்தெட்டில் கட்டிய வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, சரித்திரத்தின் அருமை இன்னும் தெரியவில்லை.

ஆகவே மாப்ளே, அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும். ‘மாசிலாமணி அவர்களின் வீடு 1938-இல் கட்டப்பட்டது, மிகவும் இளமையானது, உறுதியானது’ என்று பெரிய எழுத்தில் போடு. எம்டன் கப்பல் குண்டு போட்டபோதுகூட இந்தச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை என்றும் சேர்த்துக்கொள். (எம்டன் வந்தது அதற்கு இருபத்துநாலு வருஷம் முன்னால் என்று ஜானு சொல்கிறாள். அப்படியானால் அதை விட்டுவிடு. அறுபத்தாறு புயலில் கரை தட்டிய கப்பலின் கேப்டன் இந்த வீட்டைப் பார்த்து, “மேஸ்திரி யாரு?” என்று விசாரித்ததைப் போடு.) தூண் சமாச்சாரத்தை மட்டும் கடைசிப் பக்கத்தில், வரன் தேவை விளம்பரத்துக்குக் கீழே, தர்மகர்த்தா கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் போடவும். முதல் மாலை போனாலும் போகட்டும். என் அப்பா ஒவ்வொரு ஓடாகத் தேர்ந்தெடுத்து அடுக்கிய வீடு, என் வாயால் அது போகக் கூடாது. இது மட்டும் நான் கூட்டிச் சொன்னதில்லை.

உன் பேனா ஓயாமலும், உன் வீட்டு ஓடு ஒழுகாமலும் நீ நீடூழி வாழ அம்மன் துணை. உன் அம்மாவிடம் நோட்டீஸ் விஷயம் சொல்ல வேண்டாம், முழங்கால் இன்னும் வீங்கும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமன்,
ஓடைமேடு மாசிலாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடிக்கொண்டிருந்தபோது இன்ஜினீயர் கடப்பாரை ஆளோடு மறுபடி வந்துவிட்டார். நல்ல வேளை, தர்மகர்த்தா உட்படத் தெருவே தண்ணி லாரி பின்னால் ஓடியிருந்தது. உன் அத்தை உலக்கையை எடுத்துவந்து தூணுக்கு ஒரு போடு போட்டாள். விஜயநகரம் கோணியும் மூங்கிலுமாகக் காலடியில் கிடந்தது. இன்னொரு போடு, இன்னொரு தூண். ஓடு ஒன்றுகூட அசையவில்லை. இன்ஜினீயர் கூரையைப் பார்த்தார், “சினிமாவுக்கு நான் செஞ்ச தூணு சார்” என்று வந்து நின்ற பாஷாவைப் பார்த்தார், சுவரில் கடப்பாரையால் குத்தச் சொன்னார். கடப்பாரை மழுங்கிவிட்டது. “முப்பத்தெட்டுதான்யா, கல்லு மாதிரி இருக்கு” என்று இரண்டு நோட்டீஸையும் கிழித்துவிட்டு, எனக்கு வைத்திருந்த ஆறிய காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

யோசித்துப் பார் மாப்ளே, கடப்பாரையை மழுங்கடிப்பது முப்பத்தெட்டுச் சுவர் செய்கிற வேலையா? ஆகவே திருத்தம் எதுவும் போட வேண்டாம். முந்நூறு என்று போட்டதே குறைச்சல். தூண் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு, லண்டன் மியூசியத்தார் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்று நாலு வரி எழுது. பாஷா வேறு இரண்டு செய்து தருகிறான், இந்தத் தடவை யானைச் சங்கிலி உரசிய தழும்போடு. பெயின்ட் காய்ந்ததும் கேமராவோடு வா. மீன் குழம்பு உண்டா என்று இப்போது கேட்க முடியாது, ஜானு இன்னும் உலக்கையை உள்ளே வைக்கவில்லை.