குதிகால் பூட்ஸும் கூட்டுக் கூடையும்

போன மாதம் என் மகள் கைபேசியில் ஒரு கூடையைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். ஆன்லைன் கடைக் கூடையாம். குடும்பத்தில் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே அதில் சாமானைப் போடலாமாம், கடைசியில் ஒரே பார்சலாக வந்துவிடுமாம். "உனக்கு இன்னா வேணுமோ போடுப்பா" என்றாள். மறுத்துவிட்டேன். ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக, பொதுக் கூடையில் எனக்கென்று ஒரு சீப்புகூட நான் வாங்கியதில்லை. (சீப்புக்கு இப்போது என் தலையில் வேலையும் இல்லை, அது வேறு கதை.)

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் மெட்ராஸ் சாமான் வேண்டுமென்றால் காதர் பாயின் வேனை விட்டால் வழியில்லை. பாய் பழவேற்காட்டுக்காரர். ஏரி ஓரத்து ஊர்களில் நின்று நின்று இறாலை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவார். திரும்பி வரும்போது, நாம் சீட்டில் எழுதித் தந்த சாமான்கள் காலிக் கூடைகளில் வரும். எங்கள் வீட்டுக்கும், இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த கன்னியம்மா அக்கா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கூடை, ஒரே சீட்டு.

அந்தக் கூடையைப் பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. கூட்டு வலையில் விழுந்த மீனைக் கரையில் எல்லோர் கண்ணெதிரே பங்கு போடுவார்கள் அல்லவா, அதே முறைதான். அக்காவின் மாமியார் அஞ்சலை அத்தை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி, யாருடையது என்று கேட்பார். உரியவர் எழுந்து வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் கேட்காத பொருளை அங்கேயே ஏலம் விட்டுவிடுவார். மீனுக்கு என்ன சட்டமோ அதுதான் ரிப்பனுக்கும்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. உயரம்... விடுங்கள். 'பையன் குட்டை' என்று ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. மூன்றாவதாகத் தோணிரேவில் மகேஸ்வரி என்று ஒரு பெண்ணைப் பேசினார்கள். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெண் லட்சணமாக இருக்கிறாள், எட்டாவது படித்திருக்கிறாள் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "ஒன்னவிட நாலு விரக்கடை ஒசரம்டா" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பெண்ணின் தாய்மாமா ஏழுமலை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் போனால் எனக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் கிடையாது என்று முடிவே கட்டிவிட்டேன்.

மெட்ராஸில் அப்போது ஆண்பிள்ளைகள் உயரக் குதிகால் வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதில் ஒரு ஜோடி இருந்தால் தீர்ந்தது கவலை என்று என் மூளை சொன்னது. எங்கள் ஊர் மணலில் நின்றால் குதிகால் முழுக்கப் புதைந்து பழைய உயரத்துக்கே வந்துவிடுவேன் என்பதை மட்டும் அந்த மூளை சொல்லவில்லை.

வீட்டுச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் எழுதினேன்: 'பூட்ஸ் ஒரு ஜோடி, ஆறாம் நம்பர், குதிகால் மூன்று அங்குலம். பேப்பரில் சுற்றவும். சேகரிடம் மட்டும் கொடுக்கவும்.' அந்த ஓரத்தை மடித்து, வலை நூலால் தைத்து, மேலே கொட்டை எழுத்தில் 'ரகசியம்' என்றும் எழுதினேன். (ஒரு ரகசியத்தை இதைவிட உரக்கச் சொல்ல முடியாது என்பது இப்போது புரிகிறது.) நீங்கள் மட்டும் படியுங்கள் பாய் என்று கெஞ்சிக் கொடுத்தேன். அவர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

புதன்கிழமை வரவேண்டிய கூடை வரவில்லை. கேட்டதற்கு, அந்தச் சைஸ் கடையில் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் பாய். வியாழக்கிழமையும் அதே பதில். ஆறாம் நம்பருக்கா மெட்ராஸில் பஞ்சம் என்று எரிச்சலாக வந்தது. வெள்ளிக்கிழமை, கூடை வீடு போய்ச் சேருவதற்குள் மடக்கிவிட வேண்டும் என்று ரோட்டு முனைக்கே போய் நின்றேன். வேன் வந்தது. முன் சீட்டில் ஏழுமலை மாமா உட்கார்ந்திருந்தார். வழியில் ஏற்றிக்கொண்டார்களாம். மடியில் எங்கள் கூடை.

கூடையை என்னிடம் கொடுக்கச் சொல்லி மன்றாடினேன். மாப்பிள்ளை ஆகப்போகிற பையன் பாரம் தூக்கக் கூடாது என்று அவரே தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆள் ஆறடிக்கு மேல். பக்கத்தில் நான் நுனிக்காலை ஊன்றி எக்கி எக்கி நடந்தேன். வாசலில் நின்றிருந்த அம்மா, காலில் முள் குத்திவிட்டதா என்று கேட்டார்.

விருந்தாளி வந்திருக்கிறாரே, கூடையைப் பிறகு பிரிக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அஞ்சலை அத்தைக்கு அது இன்னும் வசதியாகப் போய்விட்டது. நம் வீட்டு நாணயத்தை அவரும் பார்க்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் டின் போனது, விளக்குக் கண்ணாடி போனது, அக்காவின் வளையல் போனது. கடைசியாகப் பேப்பரைக் கிழித்து, பழுப்பு நிறத்தில் பளபளவென்று அந்த ஜோடியைத் தூக்கினார்.

"இது யாருது?"

நான் வானத்தைப் பார்த்தேன். அத்தை மறுபடி கேட்டார். எங்கள் நைனா, இதைப் போட்டுக்கொண்டு மணலில் எவன் நடப்பான் என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சந்தேகம் என் பக்கம் வரக்கூடாதே என்று நான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"எவனோ கிறுக்கன் கேட்டிருப்பான் அத்த. ஏலத்துல உடு" என்றேன்.

விட்டார். ஏழுமலை மாமா ஒரு கூடை நண்டுக்குக் கேட்டார். போட்டிக்கு ஆளில்லை. அங்கேயே காலை நுழைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ஏற்கெனவே ஆறடி, அதன் மேல் மூன்று அங்குலம். அந்த உயரத்திலிருந்து குனிந்து என் தோளில் கையைப் போட்டு, பையன் தங்கமான பையன் என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நண்டு மறுநாள் வந்து சேர்ந்தது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

எப்படியோ கல்யாணம் கூடிவந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் மகேஸ்வரியிடம், ஊரில் அவளுக்கு என்ன வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தோணிரேவு இறால் கொட்டகையில் எடை எழுதுவாளாம். கூடவே காதர் பாய் கொண்டுவரும் சீட்டுகளையும் படித்துச் சொல்வாளாம். பாய்க்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடமாட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"அப்போ அந்தத் தையல பிரிச்சது..."

"நான்தான். ஆறுன்னு இருந்துச்சி. அத அடிச்சிட்டு ஒம்போதுன்னு போட்டேன். மாமாவுக்கு ஒம்போது."

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"திருவிழாவுல ஒன்ன பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். நான் சரின்னு சொன்னப்புறம் நீ வளந்தா நல்லாவா இருக்கும்?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான குட்டை மனிதன் அந்த ஏரிக்கரையில் இருந்திருக்க மாட்டான்.

எங்கள் கல்யாணப் போட்டோவில் பின்னால் நிற்கும் ஏழுமலை மாமாவுக்குத் தலை கிடையாது. பூட்ஸோடு வந்து நின்றதில் படத்துக்குள் அடங்கவில்லை. அந்தத் தலையில்லாத ஆள் யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் போதும், மகேஸ்வரி கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் குதிகால் அரை அங்குலம் ஏறுகிறது. போன பொங்கலுக்கு ஒரு முழத்தைத் தாண்டிவிட்டது. நான் மட்டும் அதே உயரத்தில்தான் இருக்கிறேன்.