பேசியவர்கள்: ஜெசிந்தா டீச்சர்

உலகத்தில் எதை வேண்டுமானாலும் அடக்கிவிடலாம், டீச்சரின் வாயை அடக்குவதுதான் கஷ்டம். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக மூன்றாம் வகுப்பு எடுப்பவள் சொல்கிறேன், நம்பலாம். நான் வகுப்பை விட்டு வெளியே போகும்போதெல்லாம் லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவேன். லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, வாய் திறந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு மார்க். ஒரு தடவை ஒரு குட்டிப் பெண் எழுந்து, "பேசல மிஸ், உதட்ட மட்டுந்தான் அசைச்சேன்" என்றாள். பொய் சொன்னதற்கு இன்னொரு இன்ட்டு மார்க் போட்டேன். அந்தப் பாவம்தான் என்னைத் தேடி வந்தது என்று என் கணவர் பிரபாகர் இன்றைக்கும் சொல்கிறார்.

கழுத்தின் இடது பக்கம் நெறி கட்டியதுபோல வீங்கியபோது, கத்திக் கத்திப் பாடம் நடத்துவதால் என்று நினைத்தேன். வீக்கம் வற்றவில்லை. சதையில் துளி எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றுநோய், லிம்ஃபோமா என்றார் டாக்டர் அம்மா. நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து, "சி.டி. இருபது பாசிட்டிவ்" என்றார். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன். (கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றாலே எனக்குக் கெட்ட சேதிதான்.)

"அழாதீங்க. இது நமக்கு நல்ல சேதி. அந்த செல்லு மேல ஒரு அடையாளம் இருக்கு. அதத் தேடிப் போய் ஒட்டிக்கிற மருந்து நம்மகிட்ட இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் பிரபாகர், "நான் பாட்டு சி.டி.ன்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பிரமிப்பாக இருந்தது. நாற்பது பிள்ளைகளில் யார் பேசியது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு லீடர் வேண்டியிருக்கிறது. இந்த மருந்தோ கோடானுகோடி செல்களுக்கு நடுவே புகுந்து, யார் சட்டையில் எந்த பேட்ஜ் என்று பார்த்துப் பிடிக்கிறதாம்.

சில மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி முழுக்கக் கொட்டியது. பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, உடம்பு முழுக்கப் படம் எடுக்கும் பெட் ஸ்கேன். வேலை செய்தால் அதே மருந்து தொடரும். இல்லையென்றால் வேறு கடுமையான சிகிச்சை. அந்த 'இல்லையென்றால்' எங்கள் வீட்டில் ஒரு வாரம் எல்லோருடனும் சேர்ந்து சாப்பிட்டது, தூங்கியது.

பல்லாவரம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். கொஞ்சமாகக் கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள், பசியோடு இருக்கும் செல்கள் அதை அள்ளித் தின்று படத்தில் பளிச்சென்று தெரியும் என்று டெக்னீஷியன் விளக்கினார். "அதனால ஊசி போட்டப்புறம் ஒரு மணி நேரம் பேசக்கூடாது மேடம்" என்று அவர் காரணமும் சொல்லியிருக்கிறார். நான்தான் அந்த நேரம் பார்த்து, "நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பேசக்கூடாது என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஊசி போட்டு, ஒரு சின்ன அறையில் படுக்க வைத்து, கம்பளி போர்த்தி, கதவைச் சாத்தினார்கள். விளக்கும் மங்கல். எனக்குப் பயமாக இருந்தது. சாவு பயந்தான், அதற்கு வேறு பெயர் வைப்பானேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். மாஸ்டர் அந்த வருடம் தானே மெட்டுப் போட்ட கேரலில் ஒரு இடத்தில் ஆல்ட்டோ திடீரென்று கீழே இறங்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் அங்கே வழுக்கி விழுவேன். பேசத்தானே கூடாது, பாடக்கூடாது என்று யார் சொன்னது? உதட்டை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தேன். பயம் கொஞ்சம் ஓரமாகப் போனது. வாயைத் திறந்தேன், இன்னும் கொஞ்சம் போனது. ஒரு மணி நேரமும் பாடினேன். உச்சக்குரலில் பாடும் சோப்ரானோக்காரர்களின் வரிகளையும் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் டாக்டர் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய இடமெல்லாம் அணைஞ்சிருக்கு" என்றார். பிரபாகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா தொண்டையில புதுசா தெரியுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நான் டீச்சர்." (இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.)

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப சும்மா விட முடியாது. தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும். அது தெரியிற வரைக்கும் அடுத்த மருந்த நிறுத்தி வைப்போம்."

பிரபாகர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், பேசல. பாடினேன்."

"எவ்ளோ நேரம்?"

"முழுசா."

"சத்தமாவா?"

"மொதல்ல உதட்ட மட்டுந்தான் அசைச்சேன்..."

சொன்ன பிறகுதான் அந்தக் குட்டிப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். டாக்டர் அம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "எந்தத் தசை வேல செய்யுதோ அதுவும் சர்க்கரைய இழுத்துக்கும். இது நோயில்ல. உங்க பாட்டு. அடுத்த மருந்த நாளைக்கே போடலாம்."

குனிந்து பார்த்தேன். கறுப்பான கழுத்தின் நடுவே மஞ்சளாக இரண்டு சின்னச் சுடர்கள். வாழ்நாளெல்லாம் அதட்டியும் பாடியும் தேய்த்த குரல், காதால் மட்டுமே கேட்ட குரல், கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, முன்பு நோய் எரிந்த இடம் இருண்டு கிடந்தது. அந்த இருட்டைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. கடவுளே என்று மட்டும் சொன்னேன், அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்.

வீடு திரும்பும் ஆட்டோ கேம்ப் ரோடு சிக்னலில் நின்றது. பிரபாகர் என் பக்கம் திரும்பி, "பேசல மிஸ், உதட்ட மட்டுந்தான் அசைச்சேன்" என்றார். ஆட்டோக்காரர் பயந்துபோகும் அளவுக்கு இருவரும் சிரித்தோம், அழுதோம். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்ட என் மகள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டு, கீழே என் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஒரு இன்ட்டு மார்க்.

சிகிச்சை முடிந்து கடைசி ஸ்கேனுக்குப் போனபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைபோல வாயில் விரல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். படத்தில் தொண்டை இருட்டு, கழுத்து இருட்டு, நெஞ்சு இருட்டு. தலை மட்டும் ஜெகஜோதியாக எரிந்தது. மூளை எப்போதும் அப்படித்தான் சர்க்கரை தின்னுமாம். ("டீச்சருக்கு மூளை இருக்குங்கிறதுக்கும் ஆதாரம் கெடச்சிருச்சு" என்றார் பிரபாகர்.)

வீட்டுக்கு வந்தபோது பலகை துடைத்திருந்தது. ஸ்கேன் சேதியைப் போனில் கேட்ட மகள் புதிதாக எழுதியிருந்தாள்.

பேசியவர்கள்: யாருமில்லை.

அதைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு போனை எடுத்துப் பாடகர் குழுவில் இருக்கும் ஒவ்வொருத்தரிடமும் ஆதியிலிருந்து கதையைச் சொன்னேன். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் என் பெயர் அதற்கு அடியில் ஏறிவிட்டது. இப்போதும் நான் வாயைத் திறந்தால், வீட்டில் யாராவது போய் ஒரு இன்ட்டு மார்க் போட்டுவிட்டு வருகிறார்கள். பலகை நிரம்பினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். மேலே இருக்கும் அந்த 'யாருமில்லை'யை மட்டும் ஒருத்தரும் துடைப்பதில்லை.