ஆமையார் கடிதமும் எருமைகளின் குளமும்

ஒரு காட்டில் ஞானமுத்து என்று ஓர் ஆமை இருந்தார். ஒரு கோடையில் மான்களும் எருமைகளும் குளத்துக்காக முட்டிக்கொண்டபோது நடுவில் போய் உட்கார்ந்து, "குளம் எல்லாருக்கும் பொதுதானே, இதுக்குப் போய் ஏன் அடிச்சுக்கிறீங்க?" என்று கேட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தவர். அதிலிருந்து காட்டின் நாலு மூலையிலிருந்தும் அவருக்கு அழைப்பு வந்தது. ஆனால் ஆமையல்லவா? கல்யாணத்துக்குக் கிளம்பினால் பிள்ளையின் காதுகுத்துக்குத்தான் போய்ச் சேருவார். அதனால் போவதை விட்டுவிட்டுக் கடிதம் எழுத ஆரம்பித்தார். காக்கை கொண்டுபோய்க் கொடுக்கும்.

கடிதங்களில் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. உடும்பு பாக்கியத்தாய்க்கு அவர் எழுதிய ஓலை இது:

"அன்புள்ள பாக்கியத்தாய்க்கு, நலம். நீ அனுப்பிய கொய்யாப்பழம் கிடைத்தது. உள்ளே புழு இருந்தது. அதுவும் ருசிதான். உங்கள் பக்கத்து எருமை சவரிராயனுக்குக் குளம்பில் புண் என்று கேள்விப்பட்டேன். புண் ஆறும்வரை அவன் குளத்தில் இறங்க வேண்டாம். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்."

பாக்கியத்தாய் போய்ச் சொன்னாள். சவரிராயன் எட்டு நாள் கரையிலேயே நின்றான். புண் ஆறியது. ஒன்பதாம் நாள் தொப்பென்று தண்ணீரில் விழுந்தான். விஷயம் அத்தோடு முடிந்தது.

சில வருஷம் கழித்து ஆமையார் இறந்துபோனார். காடே அழுதது. கடிதம் வைத்திருந்தவர்கள் எடுத்துப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இல்லாதவர்கள் எங்களுக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார்கள். நகல் எழுதும் கடை வைத்திருந்தது ஒரு குரங்கு. கை வேகம், கவனம் கிடையாது. பாக்கியத்தாயின் ஓலையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதற்கு முதுகில் அரித்தது. சொறிந்துவிட்டுத் திரும்பியதில் "புண் ஆறும்வரை" விட்டுப்போயிற்று. சவரிராயன் யாரென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதே என்று, பெயரை எடுத்துவிட்டுப் பொதுவாக "எருமை" என்று போட்டது. அந்த நகலிலிருந்து நாற்பத்திரண்டு நகல்கள் கிளம்பின. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "எருமை குளத்தில் இறங்க வேண்டாம்."

அடுத்த கோடையில் சவரிராயன் தன் சொந்தபந்தங்கள் பதினோரு பேரோடு குளத்துக்கு வந்தான். மான்கள் மறித்தன.

"எழுதியிருக்கு," என்றது முன்னால் நின்ற மான்.

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்க இறங்கக் கூடாதுன்னு. நாங்களா சொல்றோம்? ஆமையார் சொல்லியிருக்கார். எங்களுக்கும் வருத்தம்தான்." சொல்லிவிட்டு வருத்தத்தோடு போய்த் தண்ணீரில் நின்றுகொண்டது.

எருமைகள் வெயிலில் நின்றன. தோல் வெடித்தது. ஒரு கன்று மயங்கி விழுந்து எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கோபப்படக்கூட இல்லை. அதுதான் பாக்கியத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஆமையாரே சொல்லியிருந்தா ஏதாவது காரணம் இருக்கும் அக்கா," என்றான் சவரிராயன்.

"உன் கால் புண்ணுதான்டா காரணம்!" என்று கத்திவிட்டு, மூல ஓலையைக் கவ்விக்கொண்டு அவள் குழுவிடம் போனாள்.

அப்போது காட்டில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். கழுதைப்புலி ஒன்று, "கழுதைப்புலிக்கு முதல் பங்கு கொடுக்கவும், இப்படிக்கு ஆமை" என்று ஓர் ஓலையோடு வந்துவிட்டதால், எது திருவோலை, எது வெறும் ஓலை என்று பட்டியல் போட வேண்டியதாயிற்று. தலைவர் நாரையார். பாக்கியத்தாய் மூன்று நாள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினாள். படிவத்தில், "எழுதியவர் உயிருடன் இருக்கிறாரா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினாள். "ரொம்ப நல்லது," என்று அணில் முத்திரை குத்தியது.

நாரையார் ஓலையை ஒரு கண்ணால் பார்த்தார்.

"நாற்பத்திரண்டு ஓலையில் இல்லாத 'புண் ஆறும்வரை', உன் ஓலையில் மட்டும் எப்படி வந்தது?"

"அது நாற்பத்திரண்டும் இதைப் பார்த்து எழுதினதுதாங்கய்யா. இது அவர் கைப்பட எழுதினது."

"அப்படியானால் இது பழையது. பழையதில் பிழை இருக்கும். பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். மேலும், ஆமையார் புழு தின்றதாக இதில் வருகிறது. மற்ற ஓலைகளில் 'கனியின் உள்ளே உயிர் இருந்தது' என்று இருக்கிறது. அதற்கு மூன்று உரைகள் வந்துவிட்டன."

"எனக்கு வந்த கடிதம் ஐயா!"

"வந்தது உனக்கு. எழுதப்பட்டது உலகத்துக்கு."

"குளம் எல்லாருக்கும் பொதுன்னு அவர் சொன்னாரே! நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்றேன். இந்தக் காதால் கேட்டேன்," என்றார் நாரையார். "ஆனால் எழுதியிருக்கிறதா?"

எழுதியிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

அவளுடைய ஓலை "படிக்கலாம், நம்ப வேண்டாம்" என்ற ஓலைக்கட்டில் சேர்க்கப்பட்டது.

திரும்பி வந்தபோது கன்றின் நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கியத்தாய் அதுவரை பொய் சொன்னதில்லை. ஒரு புது ஓலையை எடுத்தாள். ஆமையார் ஒருநாளும் எழுதாத மாதிரி எழுதினாள்: "எருமைகளே, கேளுங்கள்! கேட்காதவர்களே, நீங்களும் கேளுங்கள்! குளம் சகலருக்கும் பொது என்று நானே சொல்லுகிறேன். மறுக்கிறவனின் கொம்பு முறியும்!" கீழே ஆமையாரின் பெயரைப் போட்டாள். பழசாகத் தெரியட்டும் என்று கரையான் புற்றில் ஒரு பகல் வைத்து எடுத்தாள். பிறகு பாறை இடுக்கில் செருகிவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் பார்க்கும்படி காக்கையிடம் சொன்னாள்.

காக்கை கண்டெடுத்துக் கொண்டுவந்த ஓலையை நாரையார் படித்துவிட்டு அழுதார். "என்ன நடை! இதுதான் அவர் குரல்!"

"கையெழுத்து வேற மாதிரி இருக்குதே?" என்றது அணில்.

"பரவசத்தில் கை மாறும்."

ஓலை பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் பழைய வாசகமும் பட்டியலில்தான் இருந்தது. எருமை இறங்க வேண்டாம் என்று ஒன்று; இறங்கலாம் என்று ஒன்று. ஒன்றைத் தள்ளினால் தாங்கள் தப்பாகப் பட்டியல் போட்டதாகிவிடும் என்று குழு ஓர் இரவு முழுக்க யோசித்தது. முடிவில் நாரையார் அறிவித்தார்: "இரண்டும் சத்தியம். எருமைகள் முகம் காட்டி இறங்கக் கூடாது. பின்பக்கமாக இறங்கலாம்."

அன்று முதல் எருமைகள் பின்னாலேயே நடந்து குளத்தில் இறங்கின. நாலைந்து பேர் வழுக்கி விழுந்தார்கள். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். கன்று பிழைத்துக்கொண்டது.

ஒருநாள் பாக்கியத்தாய் கரைக்குப் போனாள். சவரிராயன் கழுத்தளவு நீரில் கண்ணை மூடி, "கேட்காதவர்களே, நீங்களும் கேளுங்கள்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், நேராகவே இறங்கு. அதை எழுதினது நான்தான்."

சவரிராயன் கண்ணைத் திறந்தான்.

"இதெல்லாம் விளையாட்டு இல்ல அக்கா," என்றான். "பாவம்."

அடுத்த வாரம் குழுவுக்கு ஒரு மனு போயிற்று. திருவோலையைச் சந்தேகிக்கும் உடும்புகளைக் குளக்கரையில் அனுமதிக்கக் கூடாது என்று கோரியிருந்தது. கையெழுத்தாகக் கீழே பதித்திருந்த முதல் குளம்படி சவரிராயனுடையது. உடும்புக்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது என்று அக்கறையோடு ஒரு வரியும் சேர்த்திருந்தான்.

நீதி: நல்லது செய்ய ஆசைப்பட்டால் செத்துப்போனவர் பெயரில் செய்யுங்கள். செய்தது நீங்கள்தான் என்பதை, நீங்களும் செத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.