புளியமரத்தாரும் ஒரு மக்காச்சோளமும்

கீழே விழுவதில்கூட உயர்வு தாழ்வு பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் புளியமரத்தார்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டு மாடியில் டிஷ் ஆண்டெனாவைத் திருப்பப் போய்க் கீழே விழுந்தேன். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய், வீட்டோடு கிடந்தேன். ஒரு நாள் காலையில் வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. அதில் முண்டா பனியனும் பெரிய மீசையுமாக ஒருவர். பேர் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை.

"எவ்ளோ ஒசரம்?" என்றார்.

"எது?"

"நீ வுழுந்தது."

"ஒரு மாடிங்க."

"அவ்ளோதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார். "நானு புளியமரம். உச்சாணிக் கொம்பு."

அவர் புளி உலுக்கும் வேலை பார்த்தவர். மரத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவே மாட்டார். "நான்தான் எறங்கினேன். கொஞ்சம் அவசரமா எறங்கிட்டேன்" என்பார். வருஷா வருஷம் புளி பழுக்கும் காலத்தில் அதே மரத்தடிக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போய், அதை அண்ணாந்து பார்த்துத் திட்டிவிட்டு வருவார். வரும்போது மடி நிறைய புளியம்பழம் இருக்கும்.

அன்று என்னிடம் அடுத்ததாக ஒன்று கேட்டார்.

"ஒன்ன யாரு தூக்குறா?"

"அப்பா."

"அவருக்கு இன்னா வயசு?"

"அறுபத்தெட்டு."

"அப்ப அவர யாரு தூக்குவா?"

உள்ளே அப்பா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, ஆட்டோவுக்கு என்று என்னை மூட்டை மாதிரி சுமந்த இடுப்பு அது. அதை நினைத்தே நான் வெளியில் போவதை விட்டிருந்தேன். புளியமரத்தார் தம் வண்டியைத் திருப்பினார். "நாளைக்கு களத்துக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

களம் என்றால் ஊர்க்கோடியில் தானியம் காயவைக்கும் சிமென்டுத் தரை. சுற்றுவட்டாரத்தில் சமதளம் என்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு பாதியில் மக்காச்சோளம் காயும், மறு பாதியில் சக்கர நாற்காலிக்காரர்கள் நாங்கள் கூடைப்பந்து ஆடுவோம். விளக்குக் கம்பத்தில் கட்டிய சைக்கிள் ரிம்தான் கூடை. பந்து சோளத்தில் விழுந்தால் ஆட்டத்தோடு எங்கள் மானமும் போகும், சோளக்காரர்கள் அப்படித் திட்டுவார்கள்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எதிலிருந்து விழுந்தோமோ அதுதான் பெயர். நான் மாடி. கிணறு வெட்டப் போய் விழுந்தவர் கிணத்தார். லாரி மோதியவர் லாரி. அந்தஸ்தில் லாரிதான் கடைசி. "நீ எங்க வுழுந்த? ஒன்ன தள்ளிட்டாங்க, அதெல்லாம் கணக்குல வராது" என்பார் புளியமரத்தார். கிணத்தாரோடுதான் அவருக்குத் தீராத வழக்கு.

"பள்ளத்துல வுழுந்தத ஒசரத்துல சேக்க முடியாதுப்பா."

"மேலேர்ந்து பாத்தாதான் மாமா பள்ளம். அடியில கெடந்துகினு பாத்தா ஒசரம்தானே?"

இந்த வழக்கில் பல நாள் ஆட்டமே நடக்காமல் போயிருக்கிறது.

விளையாடச் சொன்னது அரசு மருத்துவமனை டாக்டர்தான். மூச்சு பலப்படும், தோளும் கையும் உறுதியாகும், மலச்சிக்கல் குறையும், மனசு தெளியும், ராத்திரி தூக்கம் வரும் என்றாராம். அந்தப் பட்டியலோடு புளியமரத்தார் தம் கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டார். கடன் தொல்லை, பல்வலி, மாமியார் சண்டை எல்லாவற்றுக்கும் "களத்துல ரெண்டு ரவுண்டு சுத்து" என்பதே மருந்து. காலில் ஒரு குறையும் இல்லாத சோளக்காரர் ஒருவருக்குக்கூட, வாய்வுக்கு நல்லது என்று தம் வண்டியைக் கொடுத்துச் சுற்றவிட்டார். அவர் இறங்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது வேறு கதை.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டே கிடையாது. உணர்வில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்தினால் புண் வரும், வந்தது தெரியவும் தெரியாது. அதனால் பந்து வெளியே போகும்போதெல்லாம் "ஏந்திருங்க!" என்று கத்துவார். நாங்கள் கையை ஊன்றி, உடம்பை இருக்கையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் ஒரு நொடிகூட என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சில மாதத்தில் கட்டிலுக்கு நானே மாறினேன். அப்பா தைலப் பாட்டிலை எங்கே வைத்தோம் என்று மறக்க ஆரம்பித்தார். அந்தக் காட்சிக்காகவே நான் இன்னும் நிறைய ஆடினேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் எங்களுக்குச் சாம்பார் வரும் நேரம் பார்த்து, அதே குரலில் "ஏந்திருங்க!" என்றார். நாங்கள் கையை ஊன்றினோம். வரிசையில் இருந்த மற்றவர்கள், பந்தி முடிந்துவிட்டது என்று பாதி இலையில் எழுந்துவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

உச்சாணிக் கொம்பு கொல்லாத அந்த மனிதரைக் கடைசியில் சாய்த்தது ஒரு மக்காச்சோளம். ஒரே ஒரு மணி. ஆட்டத்தில் சக்கரத்தில் பட்டுத் தெறித்து, எப்படியோ அவர் நாற்காலி மெத்தைக்குமேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்களை எல்லாம் எழுப்பிவிட்டவர், கத்துகிற மும்முரத்தில் தாம் எழ மறந்திருக்கிறார். பெரிய புண். மாதக்கணக்கில் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் அவர் மகள் நர்ஸாக இருந்தாள். அங்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. போகும் வழியில் வண்டியைக் களத்துக்கு விடச் சொன்னார். குட்டியானை லோடு வேனின் பின்தட்டில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, பல்லி மாதிரி ஒரு முழு ஆட்டத்தையும் பார்த்தார். ஒவ்வொருவர் மெத்தையையும் தட்டிக் காட்டச் சொன்னார். கிணத்தாரைக் கூப்பிட்டு, "சரி, ஒன் கெணறும் ஒசரம்தான், வச்சிக்கோ" என்றார். கிணத்தார் அழுதுவிட்டார்.

என்னிடம், "மலைக்கு வந்து பாரு. ஆனா எவனும் ஒன்ன தூக்கினு வரக் கூடாது" என்றார்.

கையில் தெம்பும், பஸ்ஸில் ஏறத் தைரியமும் வர எனக்கு இன்னும் ஒரு மழைக்காலம் ஆனது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஓடி வந்தார்.

"இருங்க சார், தூக்கி வுடுறோம்."

"வேணாங்க. ஒரு நிமிஷம் பொறுங்க."

முதல் படியில் உட்கார்ந்தேன். கையை ஊன்றி அடுத்த படிக்கு உடம்பை ஏற்றினேன். வேட்டியெல்லாம் மண். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. மூச்சு வாங்க மேலே போய்ச் சீட்டில் உட்கார்ந்தபோது, அப்பா பின்னாலேயே ஏறினார். அன்று அவர் தூக்கியது மடக்கிய நாற்காலியை மட்டும்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெள்ளிமலையில் இறங்கியதும் கடை ஓரமாக அதே பனியன், அதே மீசை. புண் ஆறி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். படியிலிருந்து நாற்காலிக்கு நான் மாறுவதை முழுசாகப் பார்த்தார்.

"ஏந்திரு" என்றார்.

கையை ஊன்றி எழும்பினேன். பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து, என் மெத்தைக்கு மேல் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினார். மக்காச்சோளம் தேடுகிறார். பஸ்ஸில் மடக்கிக் கொண்டுவந்த நாற்காலியில் அதற்கு வழியே இல்லை, ஆனாலும் தேடினார். எனக்குக் கை கடுத்தது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் அவர் தேடட்டும் என்று அப்படியே இருந்தேன்.