காலுறை முயல் செய்த பெரியம்மாவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ எப்படியும் இதைப் பகலில்தான் பிரிக்கப்போகிறாய் என்றாலும், பாதி ராத்திரியில் எழுதினது எழுத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நாங்கள் மூன்று பேரும் நலம். ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. அவர் இரவு ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். கட்டெறும்பு தூங்குகிறாள். நான் சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, அரிசி டப்பாவின் மூடியில் தாளை வைத்து எழுதுகிறேன். விளக்குப் போட்டால் அவள் கண்ணில் வெளிச்சம் படாத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

போன் செய்யக்கூடாதா என்று கேட்பாய். பகலில் அவர் தூங்குகிறார், பேச முடியாது. ராத்திரியில் நீ சாப்பிட்ட கையோடு போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினாலோ கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியின் வாய்க்குள் போய்விடுவாய். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல். இந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது அக்கா, முழு ஆளும் வேண்டும்.

விஷயத்துக்கு வருவதற்கு முன் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பாய். சொன்ன பிறகும் நினைக்கலாம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அவருக்கு ராத்திரி வேலைதான். கண்ணாடி பாட்டில் செய்கிற ஆலை. உலையை அணைக்கவே கூடாதாம், அணைத்தால் உள்ளே உருகிக் கிடப்பதெல்லாம் கல்லாக இறுகிவிடுமாம், அதனால் யாராவது ஒருவர் விடிய விடிய அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அந்த யாராவது இவர். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார், ஆகவே எங்கள் வீட்டில் பகல் முழுக்க ராத்திரி. குக்கரில் விசில் வைப்பதில்லை. காலிங் பெல்லின் ஒயரை நானே கழற்றிப் போட்டுவிட்டேன். நானும் அவளும் கிசுகிசுவென்றே பேசிப் பேசி, இப்போது எனக்குச் சத்தமாகப் பேசவே வரவில்லை. ஒரு நாள் கடையில் போய் "அரை கிலோ சர்க்கரை" என்று கேட்டேன். கடைக்காரர் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்து, "ஏம்மா, யாருக்கும் தெரியக் கூடாதா?" என்று அவரும் கிசுகிசுத்தார். கட்டெறும்பின் டீச்சர், "உங்க பொண்ணு ரொம்ப அடக்கம்" என்று மெச்சிக்கொள்கிறாள். அடக்கமாவது ஒன்றாவது, பழக்கம்!

கட்டெறும்பு யாரென்று முழிக்காதே, என் மகள்தான். வழியில் கிடக்கிற பட்டன், மூடி, ரிப்பன் துண்டு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வீடு வந்து சேருவதால் இந்தப் பெயர். எல்லாம் ஒரு ஷூ பெட்டிக்குள் போகும். அதை நான் திறக்கக் கூடாது, அது எங்களுக்குள் ஒப்பந்தம். நீ கடைசியாகப் பார்த்தபோது உன் கம்மலைப் பிடித்து இழுத்தாளே, அவள் இப்போது இரண்டாம் வகுப்பு.

இவளை வைத்துக்கொண்டு பகலெல்லாம் என்ன செய்வது சொல். சத்தம் போடாமல் செய்யக்கூடிய வேலை உலகத்தில் ரொம்பக் குறைவு அக்கா. சுத்தியல் கூடாது, தையல் மெஷின் கூடாது, அட்டையை வெட்டினால்கூடக் கரகரவென்று கேட்கிறது. மிச்சம் இருப்பது ஊசி, நூல், பஞ்சு. காலேஜில் மூன்று வருஷம் புள்ளியியல் படித்தவள், பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு நாளுக்கொரு பார்சல் வரும், மாமா அனுப்பினது, அத்தை அனுப்பினது என்று மாடிப்படியிலேயே பிரித்துக் காகிதத்தைப் பறக்க விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு சாயங்காலம் இவள் என் காதில் வாயை வைத்துக் கேட்டாள்:

"நமக்கு யாருமே இல்லையாம்மா?"

கிசுகிசுப்பில் கேட்டால் எந்தக் கேள்வியும் ரெண்டு மடங்கு பெரிசாகிவிடுகிறது. "ஏன் இல்ல? பெரியம்மா இருக்காங்களே, பல் டாக்டர்" என்றேன். "அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?" என்றாள்.

அதற்குப் பதிலாக அவருடைய சாம்பல் நிறக் காலுறையில் ஒரு முயல் தைத்தேன். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, அதன் மேல் உன் மருந்துச்சீட்டுக் கிறுக்கல் மாதிரியே உன் பெயரைக் கிறுக்கி, கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "பார்சல் வந்திருக்கு போல, போய்ப் பாரு" என்றேன். ஆமாம் அக்கா, நீ அனுப்பியதாக. கோபப்படாதே, முழுக்கப் படி. அவள் பிரித்தாள், முயலைத் தூக்கிப் பிடித்தாள், ஒரு காது நீளம் ஒரு காது குட்டை. "பெரியம்மா முயலே பாத்ததில்லையாம்மா?" என்றாள். "பாத்திருப்பாங்க. ஆனா பல்லைத்தான் பாத்திருப்பாங்க" என்றேன். "அதான் பல்லு மட்டும் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அதைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தத் தூக்கத்தைப் பார்த்த பிறகு எப்படி நிறுத்துவது?

அடுத்து யானை அனுப்பினாய். துதிக்கைக்குத் துணி இல்லாமல் அவருடைய கோடுபோட்ட சட்டையின் ஒரு கையை வெட்டிக்கொண்டேன்; பல நாளாகப் போடாத சட்டை. சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து மாட்டினார். "இதுக்கு ஒரு கை எங்க?" என்றார். "கிழிஞ்சிருக்கும்" என்றேன். "கிழியறது இவ்வளவு நேராவா கிழியும்?" என்று திரும்பியவர் அலமாரி மேல் இருந்த யானையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தத் துதிக்கைய எங்கயோ பாத்திருக்கேன்." கட்டெறும்பு தலையைக்கூடத் தூக்கவில்லை. "பெரியம்மா அனுப்பினதுப்பா. ஒரே கடைல வாங்கியிருப்பீங்க" என்றாள். அவரும் பனியனோடு உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு மேற்கொண்டு தூங்கப் போய்விட்டார். இப்போது வீட்டில் எது காணாமல் போனாலும் என்னைத்தான் பார்க்கிறார். இந்த வாரம் அவருடைய கருப்புக் காலுறை ஒன்றைக் காணோம், நான் மடித்து வைத்த பழுப்புக் காகிதத்தையும் காணோம். காலுறையை நான் எடுக்கவே இல்லை, சத்தியம், ஆனால் யார் நம்புவார்கள்?

பிறகு ஆமை. நான் குப்பை கொட்டிவிட்டு வரும்போதெல்லாம் பார்சல் வருவதை அவள் கவனித்துவிட்டாள் போல, "தபால்காரர ஒரு நாள்கூடப் பாக்க முடியலையே" என்றாள். பயந்துபோய், இந்தத் தடவை வாட்ச்மேனிடம் கொடுத்து, "மேல கொண்டுவந்து குடுங்க, பெரியம்மா அனுப்பினதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். நல்ல மனிதர்தான், ஆனால் உற்சாகம் ஜாஸ்தி. "பாப்பா, உங்க பெரியம்மாவே நேர்ல வந்தாங்க! வெள்ளைக் கார்ல! உன்ன ரொம்ப விசாரிச்சாங்க!" என்றார். நான் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்; அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டு, "கூட ஒரு நாய்க்குட்டி" என்று சேர்த்தார்.

அவள் மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஏன் மேல வரல?" என்றாள்.

"யாருக்கோ பல்வலின்னு அவசரமா போயிட்டாங்க."

"நம்ம மேல கோபமா?"

"சேச்சே."

"அப்போ உன் மேல?"

அக்கா, நாம் சண்டை போட்டுக்கொள்ளக்கூட இல்லையே. போட்டிருந்தாலாவது சமாதானம் பேச ஒரு சாக்கு இருந்திருக்கும். உனக்கு வேலை, எனக்கு வீடு, அப்புறம் பேசலாம், அப்புறம் வரலாம் என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் பார்த்தால் உன் இடத்தில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கைவேலை நாளாம். வீட்டிலிருந்து ஒருத்தர் வந்து பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். யார் வீட்டில் வருவார்கள் என்று டீச்சர் கேட்டதும், வகுப்பில் வாயே திறக்காத இவள் எழுந்து நின்று, "எங்க பெரியம்மா வருவாங்க!" என்று கத்தியிருக்கிறாள். "அன்னைக்குத்தான் இவ குரலையே கேட்டேன்" என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல் பலகையில் "சிறப்பு விருந்தினர்: காலுறைப் பொம்மைக் கலைஞர்" என்று எழுதியாகிவிட்டது. பக்கத்து வகுப்பும் வருகிறதாம். "அவங்களுக்கு நேரம் இருக்காது" என்று டீச்சரிடம் சொன்னேன். "என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள். சத்தமாக வரவில்லை, என்ன செய்ய. வீட்டுக்கு வந்து நைசாக, "நான் வரட்டுமா கண்ணு? எனக்கும் கொஞ்சம் தைக்கத் தெரியும்" என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு பார்வை பார்த்தாள். "நீ தினமும்தான் இருக்கியே. பெரியம்மா வரணும்."

ஆகவே நீ வர வேண்டும். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை. நீ எப்பேர்ப்பட்ட கைவேலைக்காரி என்று எனக்குத் தெரியாதா. பாவாடை விளிம்பு பிரிந்ததற்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. ஆனாலும் ஈறில் தையல் போடுகிறவளுக்குக் காலுறையில் போட வராதா? காலுறை கத்தாது, நடுவில் எழுந்து துப்பாது. அத்தானின் காலுறையில் ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பிக்கொள், விரல் பக்கத்தை நடுவில் கீறினால் அது ரெண்டு காது, ஓரம் தைத்து, திருப்பி, குதிகால் வரைக்கும் பஞ்சை அடை, அது முகம். முக்கியமாக, ஒரு காதைக் குட்டையாக வை. ரெண்டும் சமமாக இருந்தால் வேறு யாரோ செய்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். வெள்ளைக் காரை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார். நாய்க்குட்டிக்கு மட்டும் ஏதாவது யோசித்து வை.

இது எல்லாம் குழந்தைக்காகக் கேட்கிறேன், எனக்காக இல்லை. எனக்கு ஒரு குறையும் கிடையாது. கடைக்காரருக்கு நான் "ஏம்மா", வாட்ச்மேனுக்கு "மேடம்", டீச்சருக்கு "அவ அம்மா", அவருக்கு "இங்க பாரு". என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஒருத்தருக்கும் தேவை வரவில்லை, அவ்வளவுதான். நீ வந்தால் "அடியே" என்றாவது கூப்பிடுவாய் என்று ஒரு நினைப்பு. அதுவும் குழந்தைக்காகத்தான்.

அத்தானுக்கு என் அன்பு. உன் நோயாளிகளுக்கு என் அனுதாபம். எல்லார் பல்லும் உன் புண்ணியத்தில் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன்,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடினேன். எங்கேயும் இல்லை. ஒப்பந்தத்தை மீறி ஷூ பெட்டியைத் திறந்தேன்.

பட்டன்களுக்கு அடியில் ஒரு பார்சல் இருக்கிறது. காணாமல் போன அதே பழுப்புக் காகிதம். மேலே "அம்மாவுக்கு" என்று அவள் எழுத்தில் அழுத்தி எழுதியிருக்கிறது. கீழே படிக்க முடியாத ஒரு கிறுக்கல். அது நீ. நான் போட்ட உன் கிறுக்கலைப் பார்த்து, அவள் வரிக்கு வரி அப்படியே போட்டிருக்கிறாள்.

நான் பிரிக்கவில்லை. எனக்கு வர வேண்டிய பார்சல், வரும்போது பிரித்துக்கொள்கிறேன். காகிதத்துக்கு மேலேயே தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. ரெண்டு காது. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

அப்படியானால் முயலிலிருந்தே இவளுக்குத் தெரியும் போல. யார் தைத்தது என்று தெரிந்துகொண்டேதான் வகுப்பில் எழுந்து நின்று பெரியம்மா வருவாங்க என்று கத்தியிருக்கிறாள். பொம்மை செய்ய ஆள் வேண்டும் என்று இல்லை அக்கா. மேலே நான் "எனக்காக இல்லை" என்று எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி.

காலுறையெல்லாம் வெட்டாதே, அத்தான் போட்டுக்கொள்ளட்டும். முயல் செய்யப் பழக வேண்டாம். கைவேலை நாளில் ஊசியை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். பார்சலை இருந்த மாதிரியே வைத்து மூடிவிட்டேன். ஒரு நாள் அது கதவுக்கு வெளியே வந்து கிடக்கும், நான் ஆச்சரியப்பட வேண்டும். அதை இத்தனை நாள் இவள் எப்படித்தான் செய்தாளோ, எனக்கு ஒத்திகையிலேயே அழுகை வருகிறது. காலிங் பெல்லுக்கு ஒயரை நாளைக்கே மாட்டிவைக்கிறேன். நீ வந்ததும் நன்றாக அழுத்து. அவர் எழுந்தால் எழட்டும்.

கட்டைவிரல் வேண்டாம். வருகிறாயா என்று எழுது. சீக்கிரம் பதில் போடு.