நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

எதையும் முறைப்படி செய்கிறவன், தவறு செய்தாலும் அதை முறைப்படியே செய்வான். இதை நான் அறுபத்திரண்டாவது வயதில், மாப்பிள்ளையின் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டு கற்றேன்.

பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (அடுத்தவன் வேலையில் நொட்டை சொல்லச் சம்பளம் வாங்கியவன் என்பாள் என் மகள் கவிதா.) அவள் கணவர் சிவகுமார், காடு மேடு ஏறவென்றே ஒரு பழைய ஜீப்பை மாற்றிக் கட்டியிருந்தார். முந்தின வருடம் ஆனைமலைப் பக்கம் நடந்த போட்டியில் பின் அச்சு முறிந்து பாதி மேட்டில் நின்றுவிட்டார். இந்தத் தடவை எப்படியும் உச்சியைத் தொட்டாக வேண்டும். அதற்காக ஒரு பழைய வேனின் தடித்த அச்சை வாங்கி வந்து, மெக்கானிக்கிடம் விடக் கிளம்பினார்.

"எதுக்குங்க மாப்பிள்ளை? நம்ம ஊட்டு ஷெட்லயே முறையாச் செஞ்சுபோடலாமுங்க" என்றேன்.

"சரிங்க மாமா" என்றார்.

பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாக மாற்றினோம். ஒவ்வொரு போல்ட்டையும் நான் இரண்டு முறை சரிபார்த்தேன். ஜீப்பின் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை அச்சில் வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. கழுவுவதற்காக மேசை மேல் கிடத்தியிருந்த அச்சில், மேலே தெரிந்த பக்கத்தில் சாக்பீஸால் 'மேல்' என்று அழகாக எழுதினேன். அது தலைகீழாகக் கிடக்கிறது என்பதை மட்டும் எந்த முறையும் எனக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஏனுங்க மாமா, ஆயில் வடிக்கிற ஓட்டை மேல பாக்குதுங்களே..."

"அளவெடுக்கறப்பப் பேசக்கூடாதுங்க மாப்பிள்ளை."

"சரிங்க மாமா."

வெல்டர் வந்தார், என் எழுத்தை நம்பினார்.

போட்டிக்கு முந்தின நாள் காலை, நான் ஜீப்புக்கு முன்னால் நின்று, விமானத்தை வரவேற்பவன் போல இரண்டு கைகளாலும் 'வாங்க வாங்க' என்று காட்டினேன். மாப்பிள்ளை முதல் கியர் போட்டார். ஜீப் கம்பீரமாகப் பின்னால் போய் வாஷிங் மெஷினைச் சுவரோடு அப்பியது. இரண்டாம் கியரைச் சோதிக்க இடமில்லை. அச்சு தலைகீழானால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்போது நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்.

கவிதா ஓடி வந்தாள். "ஏப்பா, இதுக்குத்தான் ஒரு வாரமா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி 'ங்க' போட்டுட்டிருந்தீங்களா?"

பிரித்து மறுபடி வெல்டிங் செய்ய மூன்று நாளாவது ஆகும். மாப்பிள்ளை போட்டிக்காரர்களுக்குப் போன் செய்தார். "வர முடியலீங்க. நாந்தான் ஒரு வேலையத் தப்பாச் செஞ்சுபோட்டனுங்க."

நான் செய்த தவறு அது. அவர் போனை வைத்ததும் கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏனுங்க சொல்லல?"

"நீங்க சொல்லிட்டிருந்தீங்க மாமா. நடுவுல மறுத்துப் பேசினா நல்லாருக்காதுங்க."

"இனிமே மறுத்துப் பேசுங்க."

"சரிங்க மாமா" என்றார், பழக்கதோஷத்தில்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். அடுத்த வருடம் அவர் உச்சியைத் தொட்டபோது நான் பார்வையாளர் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் நான் "முறைப்படி பாத்தா..." என்று வாயெடுத்தாலே, "இல்லைங்க மாமா" என்கிறார் பணிவாக. அதற்கும் நான் அடங்கவில்லையென்றால், சமையலறையிலிருந்து கவிதாவின் குரல் வரும்:

"ஏனுங்க, எங்கப்பாவக் கொஞ்சம் திருப்பி மாட்டுங்க."