தாழ்ப்பாள் நிற்காத வீட்டு வண்டி

மூன்றாவது வளைவில் சர்க்கரை டப்பா அலமாரியிலிருந்து குதித்து, மாமனாரின் மடியில் உட்கார்ந்தது.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க! சரக்கு சிந்துது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கூடவே ஒரு நீண்ட விசில்.

பார்சல்காரர் வண்டியை ஓரங்கட்டினார். பார்சல் அலுவலகத்தில் கட்டும் பிரிவில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. அவர் கட்டி அனுப்பிய பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் கிண்ணம்கூட விரிசல் விட்டது கிடையாது. தெருவில் எல்லோருக்கும் அவர் பார்சல்காரர்தான். கோபம் வந்தால் மனைவிக்கும் அப்படித்தான்.

அவர் ஓட்டியது காரோ வேனோ இல்லை, சக்கரம் வைத்த வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்னக் குளியலறை, தலைக்கு மேல் வரிசையாக அலமாரிகள், கீழே இழுப்பறைகள் எல்லாம் உண்டு. மாமனாரின் முழங்கால் நாலு மணி நேரம் மடங்கி உட்கார ஒத்துக்கொள்ளாது என்பதால், அலுவலக நண்பரிடம் கெஞ்சி வாங்கி வந்த வண்டி. "ஒரு கீறல் விழக் கூடாது" என்று நண்பர் சாவியைக் கொடுத்தார். "என்கிட்டயா சொல்றீங்க?" என்று பார்சல்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மாமனார் முப்பது வருடம் ரயிலில் கார்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மூத்த மகள் வீட்டில் ஆறு மாதம், இளைய மகள் வீட்டில் ஆறு மாதம் என்று ஏற்பாடு. இங்கே ஆறு மாதம் முடிந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் பார்சல்காரரின் வீடு கால அட்டவணைப்படி ஓடியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். பார்சல்காரருக்குக் குளியலறை காலை ஆறு பத்து முதல் ஆறு பதினெட்டு வரை. ஆறு பத்தொன்பதுக்கு விசில். சோப்பு நுரையோடு எத்தனையோ நாள் வெளியே வந்திருக்கிறார்.

அதனால் "இனி சின்னவ முறைதானே?" என்று ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தார். மனைவி உடனே, "அதுதானே நியாயம்" என்றாள். மாமனார் அதற்கும் மேலே போய், "வண்டி ஒரே ஸ்டேஷன்ல நிக்கக் கூடாது, மாப்பிள்ளை" என்று பத்தே நிமிடத்தில் பெட்டி கட்டிவிட்டார்.

இளையவள் மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கு இன்று பகல் மட்டும்தான் விடுமுறை. இன்று மாலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். அதற்குள் போய் அப்பாவை ஒப்படைத்துச் சாவியை வாங்கியாக வேண்டும். தவறினால் அவளுடைய அடுத்த விடுமுறை அடுத்த மாதக் கடைசியில்தான். அதுவரை ஆறு பத்தொன்பது விசில் தொடரும்.

பார்சல்காரர் பின்பக்கம் ஏறினார். மனைவி தரையில் சர்க்கரை கூட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் மணி பார்த்தார்.

"நாலு நிமிஷம் தாமதம்."

"தாழ்ப்பாளைச் சரியா அழுத்தல, அவ்வளவுதான் மாமா." பார்சல்காரர் தாழ்ப்பாளின் பொத்தானை அழுத்தினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அடுத்த பத்தாவது நிமிடம் தட்டுகள் விழுந்தன.

அது குறுகலான மலைச் சாலை. முந்திப் போக இடமில்லாமல் பின்னால் சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வீட்டு வண்டி நின்றதும் அதுவும் நின்றது. பெரிய மீசை வைத்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"என்ன சார், வீடே ஆடுதா?"

"தாழ்ப்பாள் நிக்கல அண்ணே. உங்களுக்கு வழி மறைக்கிறேன், மன்னிச்சுக்கோங்க."

"அட, பரவால்ல சார். ஏத்தத்துல என் எஞ்சினும் கொதிக்குது. ஆறட்டும்." அவர் இரண்டு முனையிலும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். "இத மாட்டுங்க, அசையாது."

பார்சல்காரர் இரண்டு கதவுகளின் கைப்பிடியையும் சேர்த்து இழுத்து மாட்டினார். அடுத்த வளைவில் கொக்கி கழன்றது. இதுவரை விழுந்துகொண்டிருந்த பொருள்கள் இப்போது ஏவப்பட்டன. தேயிலை டப்பா கவண்கல் போலப் பாய்ந்து குளியலறைக் கதவில் ஒரு குழி போட்டது.

"என்னங்க, போர்க்களத்துல கொண்டுவந்து உக்கார வச்சிட்டீங்களே!" என்றாள் மனைவி. "மணி வேற ஆகுது. அஞ்சுக்குள்ள போக வேண்டாமா?"

"பத்தொன்பது நிமிஷம் தாமதம்" என்றார் மாமனார்.

பார்சல்காரருக்கு ரோஷம் வந்தது. தன் தொழிலை விட்டுவிட்டு ஊரார் கயிற்றை நம்பியதுதான் தப்பு என்று பட்டது. பையிலிருந்து 'உடையும் பொருள்' என்று சிவப்பில் அச்சடித்த ஒட்டுநாடாவை எடுத்தார். அலமாரி, இழுப்பறை, அடுப்பு மூடி என்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் தள்ளினார். ஒட்டி முடித்து, பெருமையோடு ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பினார்.

"மாப்பிள்ளை, என் முழங்கால் மாத்திரை அந்த ரெண்டாவது இழுப்பறைக்குள்ள இருக்கு."

பார்சல்காரர் எழுந்து போய் நாடாவை உரித்தார். நாடாவோடு உள்ளங்கை அகலத்துக்கு வண்ணப்பூச்சும் உரிந்து வந்தது. நண்பரின் முகம் கண்முன் வந்து போனது. மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரும் எடுத்துக் கொடுத்து, மறுபடி ஒட்டினார். கால் மணி நேரத்தில் எல்லா நாடாவும் தோரணம் போலத் தொங்கின. கீழே கரண்டிகள் கிடந்தன.

"இனி ஒரே வழிதான்" என்றார் அவர்.

அது அவருடைய முடிச்சு. பார்சல் அலுவலகத்தில் அவரைத் தவிர யாருக்கும் போட வராத முடிச்சு. எவ்வளவு குலுக்கினாலும் இறுகுமே ஒழிய இளகாது. ஒரே சணல் கயிற்றை எல்லாக் கைப்பிடிகளுக்குள்ளும் கோத்து, மடக்கு மேசைக் காலைச் சுற்றி, நாற்காலியில் கொண்டுவந்து முடித்தார். ஒரு கட்டுக்குள் எல்லாமே அடங்கிவிட்டது. பார்சலைப் பொறுத்தவரை அது சரிதான். பார்சல் திறந்து மூடுவதில்லை.

எட்டாவது வளைவில் முதல் அலமாரி திறந்தது. அது கயிற்றை இழுக்க, அடுத்தது திறக்க, மேசை கால் மடங்கிப் படுக்க, நாற்காலி எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கி முன்னால் நகர்ந்து வந்து பார்சல்காரரின் முழங்கையில் இடித்தது.

லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "சார், நான் மூட்டை ஏத்துறவன். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கட்டினா, ஒண்ணு விழுந்தா ஊரே விழும்."

"அது இருக்கட்டும் அண்ணே. என் முடிச்சு எப்படி அவுந்துச்சு?"

ஓட்டுநர் மீசையைத் தடவினார். லாரிக்குத் திரும்பிப் போனார்.

பார்சல்காரர் யோசித்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் திறப்பது மாமனாரின் தலைக்கு மேலே இருக்கும் அலமாரிதான். பெரியவர் எழுந்து உட்காரும்போது பொத்தானில் தலை இடிக்கிறதோ? இல்லை, கை ஊன்றும்போது? மனதுக்குள் ஒரு சந்தேகம் எறும்பு போல ஊர்ந்தது. பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று தேன் தடவிப் பேசினார்.

"மாமா, முன்னாடி வந்து உக்காருங்களேன். மலையெல்லாம் பார்த்துக்கிட்டே வரலாம்."

"கார்டு எங்கயாவது இஞ்சின்ல உக்காருவானா?" என்று முனகினாலும் மாமனார் வந்து உட்கார்ந்தார். பார்சல்காரர் மறுபடி முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மனைவி பின்னால் தனியாக இருந்தாள்.

இருபது நிமிடம் சத்தமே இல்லை. மாமனார் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார். தோலை உரித்து, நாரை எடுத்து, விதையை நீக்கி, வளைவில்லாத இடமாகப் பார்த்து ஒவ்வொரு சுளையாக மருமகன் கையில் வைத்தார். தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சாப்பிடுங்க, மாமா."

"காலையிலேருந்து ஓட்டுறீங்க. எனக்கு உக்கார்றதுதானே வேலை." கடைசிச் சுளையையும் கொடுத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "நாளையிலேருந்து குளியலறையில ஏழு மணி வரைக்கும்கூட இருக்கலாம், மாப்பிள்ளை. தடம் காலி."

கடவுள் சில பார்சல்களை இப்படிச் சுளை சுளையாகத்தான் அனுப்புகிறார் போலிருக்கிறது. மேலே முகவரி இல்லாததால் நமக்கு வந்ததென்று தெரிய நாளாகிறது.

பின்னால் தடால் என்று சத்தம்.

மாவு டப்பா கவிழ்ந்து மனைவி தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றாள். "சிரிச்சீங்கன்னா தெரியும்!" என்றாள். அவர் மறுபடி போட்ட முடிச்சும் அவிழ்ந்து கிடந்தது.

மாமனார் முன்னாலேயே இருக்கிறார். அவர்மேல் சந்தேகப்பட்டோமே என்று பார்சல்காரர் கூசிப் போனார். லாரி ஓட்டுநரிடம் திருப்புளி வாங்கி, அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இழுப்பறைகளையும் உருவினார். எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கி, பாத்திரங்களைப் போர்வையில் மூட்டை கட்டினார். கதவே இல்லாவிட்டால் எது திறக்கும்?

மூட்டை திறந்தது.

மலை இறங்கி, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் பாத்திரங்கள் பின்னாலிருந்து முன்னால் வரை உருண்டு வந்தன. பார்சல்காரர் வண்டியை நிறுத்தினார். மணி நாலு முப்பது. இனி நேர்ச்சாலை, இருபது கிலோமீட்டர்தான். பாத்திரங்களை உருளவிட்டு வண்டியை வேகமாக ஓட்டினால் ஐந்து மணிக்குள் போய்விடலாம்.

"போயிடலாமா, என்னங்க?" என்றாள் மனைவி, மாவு முகத்தோடு.

"உங்க இஷ்டம், மாப்பிள்ளை" என்றார் மாமனார். எத்தனை நிமிடம் தாமதம் என்று இம்முறை சொல்லவில்லை.

பார்சல்காரர் கீழே இறங்கிப் போய் மைத்துனிக்கு போன் செய்தார்.

"வண்டி சரியில்லம்மா. தாழ்ப்பாள் எதுவும் நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு வர முடியாது போலிருக்கு."

"ஐயோ மாமா! எனக்கு அடுத்த லீவு அடுத்த மாசக் கடைசிலதானே?"

"அவசரமே இல்லம்மா. அதுக்கு அடுத்த லீவுகூடப் போதும்."

சொல்லிவிட்டு அவரே திகைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு சரக்கைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்காமல் திருப்பியிருக்கிறார். நெஞ்சு என்னவோ இறகு போல லேசாக இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் தான் மட்டும் செய்த திருட்டுத்தனம் அது என்ற குறுகுறுப்பும் இருந்தது.

லாரி ஓட்டுநர் இடது பக்கச் சாலையில் பிரிய வேண்டியவர். பார்சல்காரர் திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெரிய உதவி பண்ணினீங்க அண்ணே. நாங்க திரும்பி வீட்டுக்கே போறோம். இந்தத் தாழ்ப்பாளெல்லாம் சுத்த மோசம். ஆனா, இன்னைக்கு அதுங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு தோணுது."

ஓட்டுநர் வீட்டு வண்டியின் அகலமான பின்கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். உள்ளே அப்பாவும் மகளும் பாத்திரம் பொறுக்கியபடி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தாழ்ப்பாளுக்கு எதுக்கு சார் கும்பிடு? பெரியவர் பின்னாடி இருந்த வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் அவர் திறந்தாரு, உங்க வீட்டம்மா முடிச்சைப் பல்லால அவுத்துக் கொடுத்தாங்க. நீங்க அவரை முன்னாடி கூட்டிட்டுப் போனதும், ரெண்டு வேலையையும் அம்மா ஒருத்தரேதான் பார்த்தாங்க!"